3.3.1: ஒப்பந்தத்தில் ஒரு பத்தி மாறியபோது

எதைப் பற்றி

2010 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதம், ஐபோனுக்கான செயலியை எந்த மொழியில் எழுதலாம் என்பதை ஆப்பிளின் டெவலப்பர் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பத்தி தீர்மானித்தது. அதன் எண் 3.3.1. அனிமேஷனும் விளையாட்டும் செய்ய உதவும் ஃபிளாஷ் சிஎஸ்5 கருவியை, பத்தி மாறிய அடுத்த வாரம்தான் அடோபி நிறுவனம் அறிமுகப்படுத்தவிருந்தது. ஃபிளாஷில் செய்ததை ஐபோன் செயலியாக மாற்றித் தருவது அதன் முக்கியமான புது வசதி. பத்தி மாறியதும் அந்த வசதி விற்பனைக்கு வருவதற்கு முன்பே முடங்கியது.

இதை ஆப்பிளும் அடோபியும் போட்ட சண்டை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது வழக்கம். கருவியைக் கட்டிய குழு என்ன பார்த்தது, என்ன முடிவெடுத்தது, அதில் எது சரியாக வந்தது என்பதுதான் நமக்குப் பயன்படும். ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸைத் தவிர மற்றவர்களைப் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

அடோபி 2005-ல் மேக்ரோமீடியாவை வாங்கியபோது ஃபிளாஷும் அதோடு வந்தது. மேசைக் கணினியில் அதற்கு அன்று எதிரியே கிடையாது. யூடியூப் காணொளி, இணைய விளம்பரம், பிரவுசர் விளையாட்டு எல்லாம் அதில்தான் ஓடின. கைபேசியில்தான் சிக்கல். ஃபிளாஷ் லைட் என்று ஒரு சிறிய வடிவம் இருந்தது. பெரிய தளங்களை அதில் திறக்க முடியாது.

2007 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐபோனில் ஃபிளாஷ் இல்லை. மறு ஆண்டு மார்ச்சில் பங்குதாரர் கூட்டத்தில் ஸ்டீவ் ஜாப்ஸிடம் இதைக் கேட்டார்கள். முழு ஃபிளாஷ் ஐபோனுக்கு ஒத்துவராத அளவு மெதுவானது, ஃபிளாஷ் லைட்டுக்குத் திறன் போதாது, இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும், அது இல்லை என்று அவர் சொன்னார். கதவை முழுதாகச் சாத்திய பதில் என்று இதைச் சொல்ல முடியாது.

2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. அதற்கு எழுத வேண்டுமானால் மேக் வாங்க வேண்டும், ஆப்ஜெக்டிவ்-சி படிக்க வேண்டும். பல ஆண்டு ஃபிளாஷில் விளையாட்டும் அனிமேஷனும் செய்து பழகியவர்களுக்கு இரண்டுமே புதுசு. அடோபிக்கு வியாபாரம் தெரிந்தது இங்கேதான்.

ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பிரவுசருக்குள் ஓடும் ஃபிளாஷ் பிளேயர் வேறு. ஃபிளாஷ் கருவியில் செய்து தனிச் செயலியாக வெளியே வருவது வேறு. அன்று பத்திரிகைகள் இரண்டையும் குழப்பின. அடோபியின் மேலாளர்களே பல நேரம் இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் பேசினார்கள். இந்தக் கதையின் முடிவு புரிய இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

கருவி எப்படிக் கட்டப்பட்டது

ஃபிளாஷின் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் நிரல், கணினியில் ஓடும்போதே எந்திர மொழிக்கு மாற்றப்படும். ஐபோன் அதை அனுமதிக்காது. செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக எந்திர நிரலை உருவாக்கி ஓட்டுவதை இயங்குதளமே தடுத்துவிடும். ஆப்பிள் தராத எந்த இன்டர்பிரட்டரையும் (நிரலை ஓடும்போதே படித்து இயக்கும் மென்பொருள்) செயலிக்குள் வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 3.3.2 பிரிவும் சொன்னது.

அடோபிப் பொறியாளர்கள் இரண்டையும் மதித்தே ஒரு வழி கண்டார்கள். திறந்த மூலத் திட்டமான எல்எல்விஎம் கம்பைலரை (நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வைத்து, ஆக்‌ஷன்ஸ்கிரிப்டை முன்கூட்டியே ஐபோன் சில்லின் ஏஆர்எம் எந்திர மொழிக்கு மாற்றினார்கள். வெளியே வருவது சாதாரண ஐபோன் செயலிக் கோப்பு. அதற்குள் இன்டர்பிரட்டர் கிடையாது, ஓடும்போது எதையும் தரவிறக்காது. விண்டோஸ் கணினியிலேயே செயலியைக் கட்டி முடிக்கலாம் என்பது உபரி லாபம்.

2009 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த தங்கள் மாநாட்டில் இதை அறிவித்தார்கள். இந்த முறையில் செய்த சில செயலிகள் அப்போதே ஆப்பிளின் பரிசோதனையைத் தாண்டி ஆப் ஸ்டோரில் விற்பனையில் இருந்தன. அதைக் காட்டித்தான் அரங்கில் கைத்தட்டல் வாங்கினார்கள். ஆப்பிள் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டது இந்த இடத்தில்தான். பரிசோதகர் ஒருவர் ஒரு கோப்பைத் தடுக்கவில்லை என்பதைத் தவிர அதில் வேறு உறுதி இல்லை. எழுத்தில் எதுவும் வாங்கியதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் ஆப்பிள் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கருவியில் குறையும் இருந்தது. படம் வரைவதில் பெரும்பகுதி வேலை ஃபோனின் மையச் சில்லின் (சிபியு) தலையில் விழுந்ததால் அசைவு திக்கியது. சின்னஞ்சிறு செயலிகூட சில மெகாபைட் பருத்தது. ஐபோனின் சொந்த வசதிகள் பலவற்றைத் தொட முடியவில்லை.

ஏப்ரல் 8

2010 ஏப்ரல் 3 அன்று ஐபேட் கடைக்கு வந்தது. ஐந்து நாள் கழித்து ஐபோனின் புதிய இயங்குதளமான ஐபோன் ஓஎஸ் 4-ஐ ஆப்பிள் அறிமுகம் செய்தது. ஒரே நேரத்தில் பல செயலிகள், ஐஆட் என்ற விளம்பர வலை இவற்றைப் பற்றியெல்லாம் மேடையில் பேசினார்கள். ஒப்பந்தம் மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே செயலி எழுதும் கருவித்தொகுப்பான புதிய எஸ்டிகே-வை இறக்கி ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

செயலிகள் தொடக்கத்திலேயே ஆப்ஜெக்டிவ்-சி, சி, சி++ அல்லது ஆப்பிளின் வெப்கிட் பிரவுசர் எஞ்சின் ஓட்டும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றது புதிய 3.3.1. இடையில் மொழிபெயர்ப்புக் கருவியோ இணக்க அடுக்கோ வைத்து ஆப்பிளின் வசதிகளை அழைப்பது தடை என்றும் சேர்த்திருந்தார்கள்.

'தொடக்கத்திலேயே' என்ற அந்த ஒரு நிபந்தனையால்தான் அடோபியின் வழி அடைபட்டது. கடைசியில் வெளிவரும் கோப்பு எப்படி இருக்கிறது, பாதுகாப்பானதா, வேகமானதா என்று பழைய விதிகள் பார்த்தன. புதிய விதி, நிரலாளர் முதன்முதலில் எதில் தட்டச்சு செய்தார் என்று பார்த்தது. இதற்குத் தொழில்நுட்பத்தில் மாற்று வழி தேட இடமே இல்லை.

அடோபி மட்டும் மாட்டவில்லை. சி ஷார்ப் மொழியில் எழுத உதவிய நோவெல்லின் மோனோடச், அதே மொழியை நம்பியிருந்த யூனிட்டி விளையாட்டு எஞ்சின், லுவா மொழியில் எழுதும் கொரோனா கருவி என்று பலருக்கும் தலைக்கு மேல் கத்தி. ஏற்கெனவே விற்பனையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளையாட்டுகள் பலவற்றின் உள்ளே இருந்தவை இவைதான்.

மறுநாள் அடோபியின் ஃபிளாஷ் பிரசாரகர் ஒருவர் தன் சொந்தப் பக்கத்தில் ஆப்பிளை வசைபாடி எழுதினார். கோபம் நியாயம்தான். ஆனால் அடுத்த வாரம் முழுக்க அவருடைய சொற்கள்தான் செய்தியாயின; விதியின் உள்ளடக்கம் பின்னுக்குப் போய்விட்டது. அதே நாளில் அடோபி அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் தாக்கல் செய்த காலாண்டு அறிக்கையில், ஐபோனும் ஐபேடும் தங்கள் தொழில்நுட்பத்தை ஏற்காமல் போனால் வியாபாரம் பாதிக்கப்படலாம் என்ற எச்சரிக்கை இருந்தது.

இன்னொரு டெவலப்பர் ஜாப்ஸுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிப் பதிலும் வாங்கிவிட்டார். இடையில் அடுக்கு வைத்தால் தரம் குறைந்த செயலிகள்தான் வரும், தளத்தின் முன்னேற்றமும் தடைபடும் என்பது பதிலின் சாரம். நிறுவனத்தின் வாதம் என்ன என்பது முதலில் வெளியே தெரிந்தது இப்படித்தான்.

பன்னிரண்டு நாளில் எடுத்த முடிவு

ஏப்ரல் 12 அன்று சிஎஸ்5 திட்டமிட்டபடி அறிமுகமானது. ஐபோன் வசதியும் அதில் இருந்தது. அடுத்து என்ன என்று ஏப்ரல் 20 அன்று ஃபிளாஷ் தளத்தின் முதன்மைத் தயாரிப்பு மேலாளர் எழுதினார். வசதி சிஎஸ்5-ல் இருக்கும், எடுக்க மாட்டோம். ஆனால் இனி அதில் முதலீடு செய்யப் போவதில்லை. இந்த முறையில் செய்து ஸ்டோரில் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட செயலிகளையும் ஆப்பிள் நீக்கக்கூடும், தயாராக இருங்கள். ஐபோன் மட்டுமே உலகம் இல்லை, ஆண்ட்ராய்டு வளர்கிறது, நம் கவனம் இனி அங்கே.

இந்த முடிவை மூன்றாகப் பிரித்துத்தான் மதிப்பிட வேண்டும். வசதியைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் விட்டது நல்ல முடிவு. விதி எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். அதோடு, அதை எதிர்பார்த்துப் பணம் கட்டியவர்கள் இருந்தார்கள். வாடிக்கையாளரிடம் நிலைமையை மழுப்பாமல் சொன்னது அதைவிட நல்லது. 'பேசிக்கொண்டிருக்கிறோம், சரியாகிவிடும்' என்று இழுத்திருந்தால் சிறு ஸ்டுடியோக்கள் இன்னும் சில மாதக் கூலியை அதில் கொட்டியிருக்கும்.

மூன்றாவதுதான் இடிக்கிறது. ஆண்ட்ராய்டுக்குப் போவது என்றால் இரண்டு வேலைகள்: ஏர் என்ற தங்கள் செயலித் தளத்தை அங்கே கொண்டுபோவது ஒன்று, ஃபோன் பிரவுசரில் ஃபிளாஷ் பிளேயரை ஓடவைப்பது இன்னொன்று. அடோபி இரண்டையும் செய்தது, ஆனால் மேடையில் முன்னே நிறுத்தியது இரண்டாவதை. ஐபோனில் இல்லாதது எங்களிடம் இருக்கிறது என்று காட்ட கூகுளுக்கும் அதுவே வசதி. அந்த மே மாதம் கூகுளின் டெவலப்பர் மாநாட்டில் ஆண்ட்ராய்டு 2.2-ன் சிறப்புகளில் ஒன்றாக ஃபிளாஷ் 10.1 மேடையேறியது. இரண்டு பெரிய கம்பெனிகளின் போட்டியில் மூன்றாவது கம்பெனியின் மென்பொருள் விளம்பரப் பலகை ஆனது. அந்த நேரத்தில் அது அடோபிக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

ஜாப்ஸின் கடிதம்

ஏப்ரல் 29 அன்று ஜாப்ஸ் ஃபிளாஷ் பற்றித் தன் பெயரில் நீண்ட கடிதம் வெளியிட்டார். ஆறு காரணங்கள். முதல் ஐந்து பிரவுசர் ஃபிளாஷைப் பற்றியவை: அது திறந்த தரம் இல்லை, காணொளிகள் இப்போது வேறு வடிவத்திலும் கிடைக்கின்றன, பாதுகாப்பும் நம்பகமும் குறைவு, பேட்டரியைத் தின்னும், தொடுதிரைக்கு ஏற்றதல்ல. ஆறாவதுதான் 3.3.1-க்கான காரணம், அதுவே மிக முக்கியமானது என்று அவரே எழுதினார். நடுவில் இன்னொரு நிறுவனத்தின் அடுக்கு இருந்தால், ஆப்பிள் புது வசதி கொடுத்த மறுநாள் அதை டெவலப்பர் பயன்படுத்த முடியாது. அந்த நிறுவனம் எப்போது சேர்க்கிறதோ அப்போதுதான். மேக் ஓஎஸ் எக்ஸுக்கு முழுதாக மாற அடோபி எடுத்துக்கொண்ட நீண்ட காலத்தை உதாரணம் காட்டினார்.

இந்த வாதத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. முதல் பதிப்பில் ஐபோன் வசதிகள் பலவற்றைத் தொட முடியவில்லை என்று முன்பே பார்த்தோம். டெவலப்பர் தானே அவற்றை இணைத்துக்கொள்ளும் வழி ஏர் 3-ல்தான் வந்தது, அது 2011 அக்டோபர். ஆனால் மெதுவான செயலியை யாரும் வாங்கப் போவதில்லை, அதைச் சந்தை பார்த்துக்கொள்ளும்; அதற்கு மொழித் தடை எதற்கு என்ற கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லை. அதே கருவியில் ஆண்ட்ராய்டுக்கும் செயலி போகும் என்பதுதான் உண்மையான உறுத்தல் என்று நான் நினைக்கிறேன். ஒருமுறை எழுதி இரண்டு கடையில் விற்க முடியுமானால், ஐபோனுக்கு மட்டுமே கிடைக்கும் செயலிகள் குறையும்.

அடோபியின் தலைமை நிர்வாகி அன்றே வால் ஸ்ட்ரீட் ஜர்னலுக்குப் பேட்டி கொடுத்து, தொழில்நுட்பக் காரணங்கள் வெறும் புகைத்திரை என்றார். மே மாதம் 'ஆப்பிளை நேசிக்கிறோம்' என்று விளம்பரமும் வந்தது.

மற்றவர்கள் செய்தது

யூனிட்டி, மோனோடச் குழுக்கள் இவ்வளவு சத்தம் போடவில்லை. விசாரிக்கிறோம், இதுவரை எங்கள் செயலிகள் மறுக்கப்படவில்லை என்ற அளவில் வாடிக்கையாளர்களைத் தேற்றியபடி வேலையைத் தொடர்ந்தார்கள். ஆப்பிளும் ஃபிளாஷ் மீது காட்டிய கடுமையை இவர்கள் மீது காட்டவில்லை. விளையாட்டுகளில் லுவா போன்ற உள்மொழிகள் பரவலாக இருந்ததால், தன் எழுத்துப்பூர்வ அனுமதியோடு அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று ஜூன் மாதம் 3.3.2-ஐக் கொஞ்சம் தளர்த்தவும் செய்தது.

அதே ஜூனில் விளம்பரத் தரவு பற்றிய 3.3.9 பிரிவு இறுக்கப்பட்டது. கூகுள் அப்போதுதான் ஆட்மாப் விளம்பர நிறுவனத்தை வாங்கி முடித்திருந்தது. ஆப்பிளிடம் ஐஆட் இருந்தது. போட்டியாளருக்குச் சொந்தமான விளம்பர வலைகளுக்குத் தரவு போகாதபடி அந்தப் பிரிவு எழுதப்பட்டிருந்தது. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பிரிவுகள், இரண்டு வெவ்வேறு போட்டியாளர்கள். தரம் என்ற ஒற்றைக் காரணத்தை நம்புவது அப்போது இன்னும் கடினமாயிற்று.

வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அதிகாரிகள் விசாரிக்கக்கூடும் என்று மே மாதமே செய்திகள் வந்தன. ஐரோப்பிய ஆணையமும் முதற்கட்ட விசாரணையைத் தொடங்கியிருந்தது.

செப்டம்பர் 9

அன்று ஆப்பிள் சிறிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. செயலி உருவாக்கும் கருவிகள் மீதிருந்த தடைகளை எல்லாம் தளர்த்துகிறோம், உருவாகும் செயலி புதிய நிரலைத் தரவிறக்காமல் இருந்தால் போதும் என்றது. 3.3.9-ம் தளர்ந்தது. செயலிப் பரிசோதனைக்கான வழிகாட்டு விதிகளையும் முதன்முறையாக வெளியிட்டார்கள். டெவலப்பர்கள் சொன்னதைக் கேட்டோம் என்பதுதான் அறிக்கையில் இருந்த காரணம்.

அன்றைக்கு அடோபியின் பங்கு சுமார் 12 சதவீதம் ஏறியது. ஐபோன் வசதியில் மீண்டும் வேலை தொடங்குவதாக நிறுவனம் அறிவித்தது. அந்த மாத இறுதியில் ஐரோப்பிய ஆணையம், இந்தத் தளர்வை வரவேற்று, விசாரணையை முடித்துக்கொள்ள இருப்பதாகச் சொன்னது. எந்த அழுத்தத்துக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. யூனிட்டியில் செய்த விளையாட்டுகளை வெளியேற்றினால் நஷ்டம் ஆப்பிளுக்கும்தான் என்பது விசாரணை அளவுக்கே கனமான காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்த பதினான்கு மாதம்

2011 மார்ச்சில் ஏர் 2.6 ஐபோன் வசதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஜூனில் வந்த 2.7-ல் வேகம் கணிசமாகக் கூடியது. செப்டம்பரில் செக் நாட்டுச் சிறு குழு ஒன்று, 2009-ல் ஃபிளாஷில் செய்த தன் மெஷினேரியம் விளையாட்டை இதே வழியில் ஐபேட் 2-க்குக் கொண்டுவந்தது. கட்டணச் செயலிகள் பட்டியலில் அது முதலிடத்தை எட்டியது. ஒன்றரை ஆண்டுக்கு முன் தரம் குறைந்தது என்று ஒதுக்கப்பட்ட வழி அது.

பிரவுசர் ஃபிளாஷுக்கு நடந்தது வேறு. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பெருகப் பெருக ஒவ்வொரு சில்லுக்கும், ஒவ்வொரு பிரவுசருக்கும், ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை. ஐபோனில் அது எப்படியும் வரப் போவதில்லை என்பதால் தளங்களும் ஃபிளாஷ் தேவைப்படாத எச்டிஎம்எல்5-க்கு நகர்ந்தன. 2011 நவம்பர் 9 அன்று கைபேசி பிரவுசருக்கான ஃபிளாஷை நிறுத்துவதாக அடோபி அறிவித்தது. முந்தைய நாள்தான் 750 பேரின் வேலையைக் குறைப்பதாகச் சொல்லியிருந்தது.

எதை மாற்றியிருக்கலாம்

பணத்தையும் கவனத்தையும் எங்கே வைத்தார்கள் என்பதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். முன்கூட்டியே கம்பைல் செய்யும் சின்னக் குழுவிடம் எதிர்காலம் இருந்தது. பிரவுசர் பிளேயருக்குப் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. ஏப்ரல் 20 அன்று நிறுத்தப்பட்டது முதலாவது, முன்னே தள்ளப்பட்டது இரண்டாவது. தடை இருந்த ஐந்து மாதமும் படம் வரையும் வேகத்தைச் சரிசெய்வதில் செலவாகியிருந்தால், 2011 ஜூனில் கிடைத்த வேகம் 2010 இறுதியிலேயே கிடைத்திருக்கலாம். ஆண்ட்ராய்டு ஏருக்கும் அந்த உழைப்பு உதவியிருக்கும். அதற்குள் ஃபிளாஷில் விளையாட்டு செய்தவர்களில் பலர் யூனிட்டிக்கோ கொரோனாவுக்கோ போய்விட்டார்கள், திரும்பவில்லை.

இரண்டாவது, சட்டம் படித்த ஒருவரைக் கம்பைலர் வடிவமைப்புக் கூட்டத்திலேயே உட்கார வைப்பது. பொறியாளர்கள் 3.3.2-ஐ அன்றிருந்தபடி படித்தார்கள், சரியாகவே படித்தார்கள். அதே ஒப்பந்தத்தை ஆப்பிள் தன்னிச்சையாக மாற்றலாம் என்பதும் அதில்தான் இருக்கிறது. அதற்காகத் திட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. சிஎஸ்5 விளம்பரத்தில் ஐபோனை முகப்பில் வைக்காமல், அதே கம்பைலரை முதல் நாளிலிருந்தே ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டு தளங்களுக்கும் காட்டியிருந்தால் அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது.

இன்று கூகுளின் ஃப்ளட்டர் கருவி ஐபோனில் டார்ட் மொழியை முன்கூட்டியே எந்திர மொழிக்கு மாற்றுகிறது. ரியாக்ட் நேட்டிவ் கருவி ஜாவாஸ்கிரிப்டை வைத்துக்கொண்டே தொழில் செய்கிறது. இரண்டும் நிற்பது செப்டம்பர் 9-ல் வரையப்பட்ட எல்லைக்குள். அந்த எல்லை நிலையானதா என்று கேட்டால், 2020 ஆகஸ்டைப் பார்க்கலாம். எபிக் விளையாட்டு நிறுவனத்தோடு கமிஷன் தகராறு வந்தபோது, அதன் அன்ரியல் எஞ்சினுக்கான டெவலப்பர் வசதியையும் நிறுத்தப் போவதாக ஆப்பிள் அறிவித்தது. தகராறில் சம்பந்தமே இல்லாத, அந்த எஞ்சினில் விளையாட்டு செய்துகொண்டிருந்த மற்றவர்கள் நடுவில் மாட்டினார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி தற்காலிகத் தடை கொடுத்ததால் எஞ்சின் தப்பியது.

ஜாப்ஸ் ஆறாவது காரணத்தில் பயந்ததும் ஒருநாள் நடந்தது, அவர் நினைத்த வழியில் இல்லை. 2023 செப்டம்பரில் யூனிட்டி, தன் எஞ்சினில் செய்த விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் வாங்கப் போவதாக அறிவித்தது. குறிப்பிட்ட வருமானத்தையும் நிறுவல் எண்ணிக்கையையும் தாண்டியவர்களுக்குத்தான் என்றாலும், ஏற்கெனவே வெளியான விளையாட்டுகளும் கணக்கில் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் முதலில் தளர்த்தி, ஓராண்டு கழித்து விளையாட்டுகளுக்கு அதை முழுதாகக் கைவிட்டது. இன்று கைபேசி விளையாட்டு தொடங்கும் குழு படிக்க வேண்டிய ஒப்பந்தங்கள் குறைந்தது மூன்று: இரண்டு கடைகளுடையது, ஒரு எஞ்சினுடையது.